தம்பி போட்ட சீடி

நோர்வூட்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தபின்.

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய பவுலின் அக்காவுக்கு,

தம்பி பத்திநாதன் எழுதிக்கொள்வது. அந்தோனியார் புண்ணியத்தில் நானும் கேத்ரினும் இங்கே சுகமாக இருக்கிறோம். வவுனியாவில் நீங்களும் மச்சானும் பேரப்பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வலது முழங்காலை நான் தனியாக விசாரித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். நான் வாயைத் திறக்கும் நேரத்தில் உங்கள் அடுப்பில் சோறு பொங்கிவிடும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு, பிறகு என்னைத் திட்டுங்கள்.

விஷயம் நம் தம்பி ஜூட்சனைப் பற்றியது. அவன் ஒரு ஜாஸ் சீடி போட்டிருக்கிறான், முதல் தடவையாகத் தன் பெயரை மேலே போட்டு, தானே குழுவுக்குத் தலைவனாக நின்று ட்ராம்போன் ஊதியிருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் பேத்தி அதைக் கேட்டு வீட்டுக்குள் ஆடுகிறாள் என்றும் கேத்ரின் சொன்னாள். ஆடட்டும், சிறு பிள்ளை. ஆனால் அந்தச் சீடியால் இங்கே என் தலை நிமிர முடியாமல் போய்விட்டது. எப்படி என்று ஒழுங்காகச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

கொழும்பு ஹோட்டல் பேண்டில் ஆட்களைக் குறைத்தபோது ஜூட்சன் ஒரு சூட்கேசும் ஒரு ட்ராம்போனுமாகத் திரும்பி வந்தான் அல்லவா, அவனைக் கூப்பிட்டு நம் சிசிலியா பேண்டில் சேர்த்துக்கொண்டது நான்தான். கல்யாணம், திருவிழா, அடக்கம் என்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எது நடந்தாலும் போய் வாசிக்கிற பேண்ட் அது என்பதும், அதற்கு நான் மாஸ்டர் என்பதும், முன்வரிசையில் நடுவில் நின்று ட்ரம்பெட் ஊதுகிறவன் நான் என்பதும் நீங்கள் அறிந்ததே. ஜூட்சனை மூன்றாம் வரிசையில் விட்டேன். ட்ராம்போன் என்பது குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுகிற சாமான், அக்கா. முதல் ஊர்வலத்திலேயே அந்தக் குழாய் முன்னால் போன கிளாரினெட்காரரின் பிடரியில் இடித்து அவர் இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தார். ஜூட்சன் பணிவாகத்தான் சொன்னான்: "அண்ணே, எல்லா ஊரு பேண்ட்லயும் ட்ராம்போன முன்னாடிதான் விடுவாங்க. இழுக்க எடம் வேணும்ல." முன்னால் அவன் நின்றால் நான் எங்கே நிற்பது? ஆகவே அவனுக்கு இடம் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு, எல்லாருக்கும் பின்னால், ஒரு வரிசைத் தூரம் தள்ளி, தனியாக நடக்க வைத்தேன். ஊர்வலம் பார்க்க நிற்கிற சனங்கள் அவனைப் பிந்தி வந்தவன் என்று நினைத்து, "ஓடுங்க தம்பி, உங்க ஆளுங்க முன்னாடி போயிட்டாங்க" என்று வழிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் தலையாட்டிக்கொண்டே வருவான். ஒருநாளும் என்னிடம் முறைப்பாடு சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

பிறகு கந்தப்பளை அடக்கம் வந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், நல்ல மனுசன், முழங்கால் வாதத்தோடு காலை இழுத்து இழுத்து நடந்தவர். கோயிலிலிருந்து சவக்காலைக்குச் செங்குத்தான இறக்கம். நாங்கள் வழக்கமான அடக்கப் பாட்டை வாசித்துக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் பின்னாலிருந்து ஜூட்சன் ஒரு சத்தத்தைப் பிடித்தான். எங்கள் பாட்டில் இல்லாத சத்தம். அதைப் பிடித்து, அப்படியே வழுக்கிக்கொண்டு கீழே இறக்கி, இறங்கிய இடத்தில் கொஞ்சம் நின்று, மறுபடி இழுத்தான். எழுதி வைத்ததை விட்டுவிட்டு அந்த நேரத்தில் மனதில் வருவதை ஊதுவதுதான் ஜாஸ் என்று பிறகு விளக்கினார்கள். எனக்கு அப்போது ஆத்திரம்தான் வந்தது. மேலும் வேகமாக ஊதினேன், அவனை மூடிவிடலாம் என்று. ஆனால் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் என் தாளத்தை விட்டுவிட்டு அவன் இழுப்புக்கு நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் போனேன். சவக்காலை வாசலில் நின்று பார்த்தால் நானும் ஒரு கிளாரினெட்டும் மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கிறோம். பெட்டியும் சனமும் குருவானவரும் மீதி பேண்டும் மேலே வளைவில் மெல்ல மெல்ல ஆடிக்கொண்டு வருகிறார்கள், ஜூட்சன் அவர்களுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டு வருகிறான். குழிக்குள் இறக்கும் நேரத்தில் செத்தவரின் மகள் என்னிடம் வந்து, "மாஸ்டர், கடைசியா வந்தவர இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லுங்க. அப்பா நடந்து வர்ற மாதிரியே இருந்துச்சு" என்று கெஞ்சினாள். நான் வாசிக்கச் சொல்லவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் தம்பியைப் பார்த்து, "நீ ஊதுறது எழவு வீட்டுக்கா, கொழும்பு ஹோட்டலுக்கா? பின்னாடி நின்னு ஊதுறவன் பின்னாடி நிக்கிறவன் மாதிரி ஊதணும்" என்றேன்.

அவன் குழாயில் நின்ற தண்ணீரைப் புல்லில் தட்டிவிட்டு, துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டினான். வேனில் அவனுக்கு இடம் இருந்தும் பஸ்ஸில் போனான்.

அதற்குப் பிறகு அவன் பேண்டுக்கு வரவில்லை. சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். கேத்ரின் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். சொந்தமாகப் பாட்டுகள் கட்டியிருப்பதாகவும், பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிற சுலக்ஷனா மிஸ் கீபோர்ட் வாசிக்க, நம் பேண்டில் ட்ரம் அடிக்கிற அழகன் ட்ரம் அடிக்க, இறம்பொடையில் மெஷின்களைக் கழற்றிவிட்டு மூடிக் கிடக்கிற ஒரு தேயிலை ஸ்டோரில் அதைப் பதிவு செய்யப் போவதாகவும் சொன்னான். பலகைத் தரை, உயரமான கூரை, சத்தம் நன்றாக நிற்குமாம். பிறகு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "ஒரு பாட்டுல உங்க ட்ரம்பெட் வேணும்ணே" என்றான்.

"நான் உனக்குப் பின்னாடி நின்னு ஊதணுமோ?"

"பின்னாடி எதுக்குண்ணே? பக்கத்துல நில்லுங்க."

இதற்கு நான் சரி என்று சொல்லியிருக்கலாம். ரொட்டியும் நன்றாக இருந்தது, மழையும் பெய்துகொண்டிருந்தது, சரி என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் அமையாது. நான், "அன்னைக்கு எனக்கு வேற புக்கிங் இருக்கு" என்றேன். என்றைக்கு என்று அவன் இன்னும் சொல்லவேயில்லை. கேத்ரின் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு, "எந்த நாள்னு கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள். ஜூட்சன் நாளைச் சொன்னான். "அதே நாள்தான்" என்றேன்.

அழகனையும் நான் விடவில்லை. அங்கே போனால் யூனிபோர்மைத் திருப்பித் தந்துவிட்டுப் போ என்றேன். பயந்துவிடுவான் என்று நினைத்தேன். மறுநாளே தோய்த்து, இஸ்திரி போட்டு, தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். "மாஸ்டர், கழுத்துப் பட்டன் விழுந்து கெடந்துச்சு, புதுசா ஒன்னு தச்சிருக்கேன்" என்றான். அடுத்த கிழமை கல்யாணத்துக்கு ட்ரம் இல்லாமல் போனோம். தாளம் இல்லாததால் மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேகத்திலும் நாங்கள் ஒரு வேகத்திலும் நடந்து, பொண்ணு கோயிலுக்குள் போய் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் மாப்பிள்ளை வந்தார். பொண்ணின் தகப்பன் இன்னும் என்னைக் கண்டால் ரோட்டின் மற்றப் பக்கம் போகிறார்.

பதிவு நாள் வந்தது. புக்கிங் என்று சொல்லிவிட்டேன் அல்லவா, வீட்டில் எப்படி இருப்பது? சிவப்புக் கோட்டும் சரிகைத் தோள்பட்டையும் போட்டு, ட்ரம்பெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேத்ரின் வாசலில் நின்று, "வேன் வரலியா?" என்று மட்டும் கேட்டாள். பஸ் ஏறி ஹட்டனில் இறங்கினேன். போக ஓரிடமும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். டைம் கீப்பர் என் கோட்டைப் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்று, "மாத்தயா கொஹெத யன்னே?" என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாதபோது இரண்டு பாஷையில் எதில்தான் பதில் சொல்வது? எழுந்து நடந்தேன். அங்கே அன்றைக்குப் புதிதாகத் திறக்கிற செருப்புக் கடை ஒன்று. முதலாளி என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க வாங்க, நாங்க சொல்லிவிட்ட பேண்ட் நீங்கதானா? ஏன் ஒரு ஆள மட்டும் அனுப்பியிருக்காங்க?" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. பொய்யாகச் சொன்ன புக்கிங் மெய்யாகவே கிடைத்துவிட்டதே என்று ஒரு அற்ப சந்தோஷம். கடை வாசலில், பலூன் வளைவுக்குக் கீழே நின்று, கல்யாண ஊர்வல மெட்டைத் திரும்பத் திரும்ப ஊதினேன்.

அப்போதுதான் பதிவுக்குப் போகிற வேன் வந்தது. நோர்வூட்டிலிருந்து இறம்பொடைக்குப் போக ஹட்டனைத் தாண்டித்தானே போக வேண்டும், அதை நான் யோசிக்கவில்லை. சனம் கூடி நின்றதால் வேன் என் முன்னால் வந்து நின்றுவிட்டது. உள்ளே சுலக்ஷனா மிஸ், அழகன், சன்னல் ஓரத்தில் ஜூட்சன். அவன் என்னைப் பார்த்தான், பலூனைப் பார்த்தான், செருப்புகளைப் பார்த்தான். சிரிக்கவில்லை, அக்கா. சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கையைப் பாதி உயர்த்தினான். என் வாயில் ட்ரம்பெட் இருந்தது, இரண்டு கையும் அதில் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் ஊதினேன். வேன் போய்விட்டது.

சீடி வந்தது. 'கந்தப்பளை இறக்கம்' என்று பெயர். அந்த அடக்கத்தில் நான் மறுபடி வாசிக்கவிடாமல் செய்தேனே, அந்த இழுப்பை வைத்துத்தான் முதல் பாட்டையே கட்டியிருக்கிறான். ஹட்டனில் மண்டபம் எடுத்து வெளியிட்டார்கள். கேத்ரின் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். நான் காய்ச்சல் என்று படுத்திருந்தேன். திரும்பி வந்தவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒங்க காய்ச்சலும் புக்கிங் மாதிரிதான்" என்றாள்.

பிறகு ஒரு காலையில் ரேடியோவில் போட்டார்கள். நான் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் பாட்டில் ஜூட்சன் ஊதிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தினான். ட்ரம் மட்டும் தூறல் மாதிரி மெல்லக் கேட்கிறது, வேறு ஒருவரும் வாசிக்கவில்லை. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்த அறிவிப்பாளர், "இனிமையான இசை நேயர்களே, நுவரெலியாவில் இன்று பிற்பகல் மழை" என்று தொடங்கினார். அந்த மழையின் மேலே ட்ராம்போன் மறுபடி வந்து இறங்கியது. நான் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், மனம் குளிரச் சிரித்தேன். தலைவனாகப் போனவனுக்குப் பாட்டை எங்கே முடிப்பது என்று தெரியவில்லை என்று கேத்ரினிடம் சொன்னேன். அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம் இராமையாவின் சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்தேன். அவன் அதே சீடியைப் போட்டிருந்தான். அந்த இடம் வந்தது, ட்ராம்போன் நின்று தூறல் மட்டும் கேட்டது. இராமையா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சீடியை வெளியே எடுத்து, என் கழுத்தில் கிடந்த துண்டிலேயே துடைத்தான். "தட்டுல கீறல் போல இருக்கு மாஸ்டர். ரெண்டு பேரு கடையில திருப்பிக் குடுத்துட்டாங்களாம்" என்றான். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "கீறல் இல்லண்ணே" என்றது. கண்ணாடியில் பார்த்தால் அழகன்.

"அது மாஸ்டர் வாசிக்க வேண்டிய எடம். சுலக்ஷனா மிஸ் கீபோர்ட்ல நெரப்பிடறேன்னுதான் சொன்னாங்க. ஜூட்சன் அண்ணே வேணாம்னுட்டாரு. அது எங்க அண்ணன் எடம், அவரு வரலன்னா சும்மா கெடக்கட்டும்னு சொல்லிட்டாரு."

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நான் எங்கே எழுந்து போவது? இராமையா சீடியை மறுபடி உள்ளே தள்ளிவிட்டு, ரொம்ப மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சவரம் செய்கிற மாதிரி மீதி முகத்தைச் செய்தான்.

ஒரு நாளில் நோர்வூட் முழுக்கத் தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் ஊதி வராத பேர், ஊதாமல் வந்துவிட்டது. போன ஞாயிறு பூசையில் குருவானவர், "சற்று நேரம் மௌனமாகச் செபிப்போம்" என்றார். முன்வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். கேத்ரினின் போனில் அந்தப் பாட்டை ஏற்றிக்கொண்டு, யாரும் கேட்கக் கூடாது என்று தேயிலை மலைக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், அந்த இடத்தில் என்ன வாசித்திருப்பேன் என்று ஊதிப் பார்த்தேன். கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் அதைச் சாப்பாட்டுச் சங்கு என்று நினைத்துக் கூடையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர்களில் அம்மாக்கண்ணு மேலே ஏறி வந்து, "அய்யா, சாப்பாட்டு நேரம்னு மலைய விட்டு எறங்கிட்டோம். இப்ப கங்காணிகிட்ட யாரு பேச்சு வாங்குறது?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டேன். கங்காணியிடமும் போய்க் கேட்டேன். ஆனால் அக்கா, என் வருத்தம் அதுவல்ல. எத்தனை தடவை வாசித்தும் அந்த இடத்துக்குள் நான் அடங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஜூட்சன் திரும்பி வந்த பிறகும் நான் ஊதிக்கொண்டே இருக்கிறேன். அவன் மேலேயே ஏறி ஊதுகிறேன். பக்கத்தில் நிற்பது எப்படி என்று எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு கேக் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். உள்ளே அதே பாட்டைத்தான் தனியாகப் பழகிக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியே நின்றேன், நடுவில் தட்டக் கூடாது என்று. அந்த இடம் வந்தது. நிறுத்தினான். வீட்டுக்குள் அவனும் வெளியே நானும், நடுவில் ஒரு சத்தமும் இல்லை. தட்ட வேண்டிய நேரம் அதுதான். கையையும் தூக்கினேன். தட்டவில்லை. அவன் மறுபடி ஊதத் தொடங்கிவிட்டான். கேக்கைத் திரும்பக் கொண்டுவந்து நானும் கேத்ரினும் தின்றோம். நல்ல கேக்.

ஆகவே அக்கா, நீங்கள் அவனிடம் பேச வேண்டும். அந்த இடத்தை வேறு யாரையாவது வைத்து நிரப்பிவிடச் சொல்லுங்கள். எனக்கு மனத்தாங்கல் இல்லை. அல்லது, அப்படி அவன் விரும்பாவிட்டால், இன்னும் ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். இந்த முறை நாளைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வேன். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தோன்றியதாகச் சொல்லுங்கள். உங்களுக்குத் தோன்றியது என்றால் நாங்கள் இருவரும் சின்ன வயதிலிருந்தே மறுபேச்சுப் பேசியதில்லை.

மச்சானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள், ஆடுகிறவளுக்கு ஒன்று அதிகம். மாதா உங்கள் வீட்டையும் உங்கள் கிணற்றையும் காத்து நிற்பாளாக.

பணிவுள்ள தம்பி,
பத்திநாதன்.

பி.கு.: தபால்தலை வாங்கப் போவது ஒரு வாரமாகத் தள்ளிப் போனதில் கடிதம் மேசையிலேயே கிடந்தது. இதற்குள் ஜூட்சனே வந்துவிட்டான். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் படிக்காததாக நினைத்துக்கொள்ளுங்கள், அவனிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். கண்டியில் பெரிய மேடையில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "நீங்களும் வரணும்ணே" என்றான். நாளைக் கேட்டேன். சொன்னான். வருகிறேன் என்றேன். "அந்த எடத்த நான் ரொம்ப நீட்டாம வாசிக்கப் பாக்குறேன்" என்றும் சொன்னேன். அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அண்ணே, அதுல இப்ப நீங்க வாசிக்கக் கூடாது. கேக்குறவங்களுக்கெல்லாம் அந்தச் சும்மா இருக்குற எடந்தான் புடிச்சிருக்காம். அத மாத்திடாதீங்கன்னு கண்டியில இருந்தே சொல்லிவிட்டாங்க."

"அப்ப நான் எதுக்குடா?"

"நீங்க ட்ரம்பெட்ட கையில வச்சிக்கிட்டு நிக்கணும். அவ்வளவுதான். ஆளு இருந்து வாசிக்காம இருக்குறது வேற, ஆளே இல்லாம இருக்குறது வேற."

சரி என்று சொல்லிவிட்டேன். தினமும் முன்னறையில் நின்று பழகுகிறேன். நினைத்ததைவிடக் கஷ்டம், மூச்சு தானாகவே குழலுக்குள் போகப் பார்க்கிறது. நேற்றுத்தான் முதல் தடவையாக ஒரு சத்தமும் வராமல் முழுவதையும் நின்று முடித்தேன். கேத்ரின் சீடியை நிறுத்திவிட்டு, "நல்லா இருந்துச்சுங்க" என்றாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் வாசித்ததைப் பற்றி அவள் அப்படிச் சொன்னதேயில்லை.